சின்ன அறையில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது: நாற்காலியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) குழப்பமாக இருக்கிறது, குரல் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் போகிறது என்றால் பெரும்பாலானவர்களுக்கு உடனே தோன்றுவது ஆம்ப்ளிஃபையரை மாற்றலாமா, வேறு ஸ்பீக்கர் வாங்கலாமா என்பதுதான். அதற்கு முன் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஸ்பீக்கரையும் நீங்கள் உட்காரும் நாற்காலியையும் இடம் மாற்றிப் பார்ப்பது. சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) கீழே உங்கள் காதுக்கு வந்து சேரும் ஒலியில் அறையின் கை ஓங்கியிருக்கும். ஒரே ஸ்பீக்கர் அரை மீட்டர் தள்ளி வைத்தால் வேறு ஸ்பீக்கர் போலக் கேட்கும் என்று சொல்வது மிகையே இல்லை.

இங்கே சின்ன அறை என்று நான் எடுத்துக்கொள்வது 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறை. ஏறத்தாழ 13க்கு 10 அடி. கணக்கெல்லாம் இந்த அறையை வைத்தே வரும். உங்கள் அறையின் அளவைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்றுதான் பொதுவாக எல்லோரும் தொடங்குவார்கள். சின்ன அறையில் அந்த வரிசை சரிப்படாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் நாற்காலி, பிறகு பேஸுக்காக ஸ்பீக்கரின் இடம், அதன் பிறகு இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, கடைசியில் கோணம். பேஸ் சரியாகாத இடத்தில் கோணத்தை எவ்வளவு திருத்தினாலும், பேஸுக்காக மறுபடி நகர்த்தும்போது அந்த உழைப்பு வீணாகிவிடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மெஷரிங் டேப், தரையில் ஒட்ட பேப்பர் டேப், கொஞ்சம் நூல், ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு நோட்டு. போனில் ஏதாவது ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப். விரும்பிய ஹெர்ட்ஸைத் தட்டச்சு செய்தால் அந்த ஒலியை மட்டும் எழுப்பும். அதன் ஒலி போனின் சொந்த ஸ்பீக்கரில் வந்தால் பயனில்லை, உங்கள் ஆம்ப்ளிஃபையர் வழியாக வர வேண்டும்.

பாட்டுகள் நான்கு போதும், ஆனால் நன்றாகப் பழகியவையாக இருக்கட்டும். இசைக்கருவி குறைவாக, ஒற்றைக் குரல் நிற்கும் பாட்டு ஒன்று. பேஸ் கிட்டார் ஸ்வரம் ஸ்வரமாக ஏறி இறங்கும் பாட்டு ஒன்று. டிரம்ஸ் தெளிவாகப் பதிவான ஒன்று. கூட்டம் நிறைந்த அரங்கில் நேரடியாகப் பதிவானது ஒன்று. ஈக்வலைசர், லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வால்யூமை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

எதையும் நகர்த்துவதற்கு முன் ஒயரைச் சரிபாருங்கள். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனை இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு முனைக்கே போக வேண்டும். மோனோவில் (இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி) ஒரு குரலை ஓடவிட்டால் அது இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். இடம் பிடிபடாமல் தலையைச் சுற்றிப் பரவி, பேஸும் மெலிந்து போனால் ஒரு பக்கம் ஒயர் தலைகீழாக இருக்கிறது.

அறை என்ன செய்கிறது

20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, அந்தத் தூரத்தைப் போல இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி மோதி மோதித் திரும்பி நிலை அலையாக நின்றுவிடும். கணக்கு எளிது: 343ஐ அறையின் நீளத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். 4 மீட்டருக்கு 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டருக்கு 57, உயரம் 2.7 மீட்டருக்கு 64. இவற்றின் இரு மடங்கு, மும்மடங்கிலும் அலைகள் நிற்கும்: நீளத்தில் 86, 129, அகலத்தில் 114, 172.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே வாசிக்கும் முதல் பத்துப் பதினைந்து ஸ்வரங்களும் இந்த எண்களுக்குள் வந்துவிழுகின்றன. ஒரு ஸ்வரம் அதிர, அடுத்த ஸ்வரம் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். வாசித்தவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். மேலே போகப் போக அலைகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து, அவற்றைத் தனித்தனியாகக் கேட்க முடியாமல் போகும். அந்த எல்லையை வரையறுத்தவர் ஒலியியல் அறிஞர் மான்ஃபிரெட் ஷ்ரோடர். நம்முடையது போன்ற அறையில் அது 200 ஹெர்ட்ஸை ஒட்டியோ சற்று மேலேயோ வரும்.

நிலை அலையில் சுவரை ஒட்டிய இடம் எப்போதும் உச்சம். நீளத்தின் சரி நடுவில் முதல் அலை ஏறக்குறைய சுழி. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த படி தானாக விளங்கும்.

படி 1: நாற்காலி

டோன் ஜெனரேட்டரில் 43 ஹெர்ட்ஸ் வையுங்கள் (உங்கள் அறைக்கு எந்த எண் வருகிறதோ அது). ஸ்பீக்கர் சின்னதாக இருந்து அவ்வளவு தாழ்வாகப் போகாது என்றால் 86 வைத்துப் பாருங்கள். சத்தத்தை மெதுவாகவே ஏற்றுங்கள். சின்ன வூஃபரை (ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பகுதி) இந்த ஒலியில் அதிகம் வருத்தக் கூடாது. இப்போது பின்சுவரை முதுகு தொட நின்று, ஸ்பீக்கரை நோக்கி மெல்ல நடங்கள். சுவரருகே அறையே முனகும். இரண்டடி வைத்ததும் குறையத் தொடங்கும். 43ல் நடு அறைக்கு வரும்போது ஒலி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். 86ல் அந்த வெற்றிடம் கால்வாசித் தூரத்திலேயே, பின்சுவரிலிருந்து 1 மீட்டரில் வரும். எவ்வளவு படித்தாலும், இந்த நடை சொல்லித் தருவது தனி. அவசியம் செய்து பாருங்கள்.

ஆகவே அறை நடுவும் வேண்டாம், பின்சுவரும் வேண்டாம், சரியாகக் கால்வாசி இடமும் வேண்டாம். பலரும் தொடங்கும் இடம் நீளத்தில் 38 சதவீதம். நம் அறையில் பின்சுவரிலிருந்து 1.5 மீட்டர். அங்கே நாற்காலியைப் போட்டு, பேஸ் கிட்டார் பாட்டை ஓடவிட்டு, முன்னும் பின்னும் 10 சென்டிமீட்டர் வீதம் நகர்த்துங்கள். எந்த இடத்தில் ஸ்வரங்கள் கூடியவரை சம அளவில் கேட்கின்றனவோ அங்கே தரையில் டேப் ஒட்டுங்கள். பேஸ் அதிகமாக இருக்கும் இடம் நல்ல இடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேடுவது சமநிலையை.

அகலவாட்டில் நாற்காலி நடுவில்தான் இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே மாதிரி கேட்க அது அவசியம். தவிர, சமச்சீராக வைத்த இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே பேஸை எழுப்பும்போது அகலத்தின் முதல் அலை கிளம்பவே வழியில்லாமல் போய்விடும்.

சோஃபா சுவரை விட்டு நகரவே நகராது என்ற வீடுகளும் உண்டு. அப்போது தலையாவது சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் வரும்படி முதுகுக்குத் திண்டு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னால் 10 சென்டிமீட்டராவது தடிமனுள்ள, ஒலியை உறிஞ்சும் பலகை ஒன்றை மாட்டுங்கள். பேஸ் மிகுவதைப் பிறகு ஈக்வலைசரில் குறைக்கலாம். முழுத் தீர்வு ஆகாது, ஆனாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

படி 2: எந்தச் சுவர்

குட்டைச் சுவரருகே (நம் அறையில் 3 மீட்டர் அகலமுள்ளது) ஸ்பீக்கரை வைத்து நீளவாக்கில் கேட்பதே பெரும்பாலும் சரி. உங்களுக்குப் பின்னால் இடம் கிடைக்கும். ஒரு பக்கம் அலமாரி, மறுபக்கம் திறந்த கதவு என்று இடவலம் பொருந்தாமல் இருந்தால் மட்டும் நெட்டைச் சுவரை முயன்று பாருங்கள். அப்போது பக்கச் சுவர்கள் விலகிப் போவதால் ஒலிமேடை (குரலும் கருவிகளும் உங்கள் முன் பரவி நிற்பது போன்ற உணர்வு) திறந்தாற்போல இருக்கும், ஆனால் நாற்காலி பின்சுவரை நெருங்கிவிடும்.

படி 3: முன்சுவரிலிருந்து தூரம்

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதை முன்சுவர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது.

தாழ்ந்த ஒலிகள் முன்பக்கம் மட்டும் போவதில்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு எல்லாத் திசையிலும் பரவும். பின்னால் போனது முன்சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வரும் ஒலியோடு சேரும். போய்வரும் கூடுதல் தூரம் எந்த ஒலிக்கு அரை அலைநீளமாக இருக்கிறதோ, அந்த ஒலி அடிபட்டுப் போகும். இதைப் பள்ளம் என்று சொல்வோம். கணக்கு: 343ஐ தூரத்தைப் போல நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். தூரம் என்பது வூஃபரின் முகத்திலிருந்து சுவர் வரை.

20 செ.மீ. என்றால் பள்ளம் 429 ஹெர்ட்ஸில்
30 செ.மீ. என்றால் 286
50 செ.மீ. என்றால் 172
75 செ.மீ. என்றால் 114
1 மீட்டர் என்றால் 86

இதைப் பார்த்ததும் ஒன்று புரியும். பள்ளம் இல்லாத தூரமே கிடையாது. அது எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். டிரம்ஸின் அடியும் ஆண்குரலின் கனமும் 80 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள்தான் குடியிருக்கின்றன, அங்கே பள்ளம் விழுந்தால் இசை வற்றிப்போகும். பெரிய அறைக்காரர்கள் ஸ்பீக்கரை இரண்டு மீட்டருக்கு மேல் முன்னே இழுத்து, பள்ளத்தை 43 ஹெர்ட்ஸுக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் சின்ன அறையில் நான் முதலில் முயலச் சொல்வது நேர் எதிரானது: முடிந்தவரை முன்சுவரை ஒட்டி வைப்பது. பள்ளம் மேலே ஏறிவிடும். அவ்வளவு உயர்ந்த ஹெர்ட்ஸில் ஸ்பீக்கர் ஒலியை முன்னோக்கியே அதிகம் செலுத்தும் என்பதால் பள்ளத்தின் ஆழமும் குறையும். மிச்சத்தைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தடித்த உறிஞ்சு பலகை வைத்துச் சமாளிக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. சுவர் அருகே வர வர மிகத் தாழ்ந்த ஒலிகள் கனக்கும். சுவர் ஒன்றுக்கு 6 டெசிபல் வரை கூடலாம். மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்துகொள்ளும். மூலைக்கென்றே வடிவமைத்த ஸ்பீக்கர்கள் உண்டு, பால் கிளிப்ஷ் 1946ல் கொண்டுவந்த கிளிப்ஷார்ன் அப்படிப்பட்டது. சாதாரணப் பெட்டியை மூலைக்குள் தள்ள வேண்டாம். பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் அதற்கும் சுவருக்கும் நடுவே 10 முதல் 15 சென்டிமீட்டராவது விடுங்கள். ஸ்பீக்கரோடு ஸ்பாஞ்சு அடைப்பான் வந்திருந்தால் அதைத் துளையில் செருகிப் பாருங்கள், கனம் இறங்கும்.

செய்முறை: 30 செ.மீ. ஆழமுள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 15 செ.மீ. விட்டால் முகம் சுவரிலிருந்து 45 செ.மீ.; பள்ளம் 190ல், அந்த 80–200 எல்லையின் மேல்விளிம்பில். அங்கிருந்து தொடங்கி, பேஸ் பாட்டை ஓடவிட்டு, முதலில் 20 செ.மீ. தாவல்களில் முன்னே இழுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே பாட்டின் ஒரே பகுதியைக் கேட்டு, நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். நல்ல இரண்டு இடங்கள் தெரிந்தபின் அவற்றைச் சுற்றி 5 செ.மீ. வீதம், பிறகு 2 செ.மீ. வீதம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாற்காலியையும் ஸ்பீக்கரையும் சேர்த்து நகர்த்திவிட்டால் எது எதைச் செய்தது என்று ஒருபோதும் தெரியாது.

பக்கச் சுவரும் தரையும் இதே வேலையைச் செய்கின்றன. வூஃபரின் நடுவிலிருந்து முன்சுவர், பக்கச் சுவர், தரை மூன்றுக்கும் தூரம் ஒன்றாக இருந்தால் பள்ளங்கள் ஒரே இடத்தில் குவிந்து பெரும் பள்ளமாகிவிடும். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ராய் அலிசன் 1974ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. மூன்றும் 60 செ.மீ. என்ற அமைப்பு சின்ன அறையில் மிக இயல்பாக அமைந்துவிடும். 143 ஹெர்ட்ஸ் பறிபோகும். 45, 65, 85 என்று பிரித்து வையுங்கள்.

ஆடியோ கேபிள் தயாரிப்பாளர் ஜார்ஜ் கார்டஸின் கணக்கு ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பக்கச் சுவரிலிருந்து அறை அகலத்தில் 0.276 பங்கு, முன்சுவரிலிருந்து 0.447 பங்கு. நம் அறைக்கு 83 செ.மீ., 1.34 மீட்டர். ஸ்பீக்கர் அறையின் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். தினமும் நடமாடும் அறையில் இது சாத்தியமில்லை என்றாலும் ஒரு மாலை முழுக்க அப்படி வைத்துக் கேளுங்கள். ஒலிமேடையின் ஆழம் என்றால் என்ன என்று காதுக்குத் தெரிந்துவிடும், பிறகு உங்கள் இடத்தில் எதைத் தேடுவது என்பதும் தெளிவாகும்.

படி 4: இடைவெளி

இரண்டு ட்வீட்டர்களும் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளை எழுப்பும் சின்னப் பகுதி) உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைவது தொடக்கம். ஸ்டீரியோவுக்கான சர்வதேசப் பரிந்துரையும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 டிகிரி என்றே சொல்கிறது. நம் அறையில் பக்கச் சுவரிலிருந்து 65 செ.மீ. விட்டால் இடைவெளி 1.7 மீட்டர். குறுகலாகத் தோன்றும், ஆனால் நாற்காலியும் அருகில்தானே இருக்கிறது, கோணம் கூடிவரும்.

குரல் பாட்டைப் போட்டு, இரண்டையும் 5 செ.மீ. வீதம் விலக்கிக்கொண்டே போங்கள். ஒலிமேடை விரியும். ஒரு கட்டத்தில் குரல் மெலிந்து, நடுவில் ஓட்டை விழுந்தாற்போல ஆகும். அங்கிருந்து ஒரு படி பின்வாங்குங்கள்.

இப்போது நூல். நாற்காலியில் தலை சாயும் இடத்தில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை இடது ட்வீட்டர் வரை நீட்டி முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு வலது ட்வீட்டரில் வந்து நிற்க வேண்டும். ஒலி 34 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு மில்லிசெகண்டு ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசமே குரலை முன்கூட்டி வரும் பக்கம் இழுத்துவிடப் போதும். ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

படி 5: கோணமும் உயரமும்

ஸ்பீக்கரை நேராக முன்னோக்கி வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கித் திருப்புங்கள். நேராக இருக்கும்போது மேடை அகலம், குரலின் உருவம் சற்றுக் கலங்கல். காதை நேராகக் குறிவைக்கும்போது குரல் கூர்மையாக நிற்கும், உச்ச ஒலிகளும் கூடும். சில ட்வீட்டர்கள் இந்த நிலையில் காதை அறுக்கும். தலைக்குப் பின்னால் ஒரு மீட்டரில் இரண்டு கோடுகளும் சந்திக்கும்படி வைப்பதே எனக்குப் பெரும்பாலான சின்ன அறைகளில் பிடித்திருக்கிறது. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து கேட்பதாக இருந்தால், கோடுகள் தலைக்கு முன்னாலேயே சந்திக்கும்படி அதிகமாகத் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் உட்காருபவர் இடது ஸ்பீக்கருக்கு அருகில் இருந்தாலும் அதன் நேர்முகத்தை விட்டு விலகிவிடுவார். வலது ஸ்பீக்கர் அவரை நேராகப் பார்க்கும். தூர வித்தியாசம் ஓரளவு ஈடாகிவிடும்.

உயரத்துக்கு விதி ஒன்றே: உட்கார்ந்த நிலையில் ட்வீட்டர் காது மட்டத்தில். ஸ்டாண்ட் குட்டையாக இருந்தால் முன்பக்கம் சிறு ஆப்பு வைத்துப் பெட்டியை மேல்நோக்கிச் சாயுங்கள்.

படி 6: கண்ணாடி வைத்து எதிரொலிப்பைப் பிடிப்பது

நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலிப்பு உங்களிடம் வருகிறது. நம் அறையில் முகம் முன்சுவரிலிருந்து 80 செ.மீ.ல் இருந்தால் நேர் ஒலி சுமார் 1.9 மீட்டர், பக்கச் சுவரில் பட்டு வருவது 2.7 மீட்டர்; இரண்டுக்கும் நடுவே 2.5 மில்லிசெகண்டு. இதைத் தனி எதிரொலியாகக் காது பிரித்துக் கேட்காது. ஹெல்முட் ஹாஸ் 1949லேயே ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. ஆனால் குரலின் நிறம் மாறும், உருவம் அகலும்.

அந்த இடத்தை மூட வேண்டுமா? மூடி ஒரு வாரம், மூடாமல் ஒரு வாரம் கேளுங்கள். பக்கவாட்டிலும் ஒலியைச் சீராகச் செலுத்தும் ஸ்பீக்கர் என்றால் இந்த எதிரொலிப்பு இடத்தின் உணர்வைக் கூட்டும் என்று ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் நீண்ட காலம் வாதாடியவர். பலருடைய காது அவரோடு ஒத்துப்போகும். தரையில், ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தடித்த கம்பளம் மட்டும் எப்படியும் வேண்டும். மெல்லிய ஸ்பாஞ்சுத் தகடுகளை வாங்கி ஒட்டி பேஸ் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே 86 சென்டிமீட்டர்.

படி 7: அளந்து பார்ப்பது

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யுஎஸ்பி அளவீட்டு மைக்கும் இருந்தால், காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை வரைபடம் எடுங்கள். போனில் உள்ள மைக் தாழ்ந்த ஒலிகளை உள்ளபடி காட்டாது. நோட்டில் நல்ல இடம் என்று குறித்த இரண்டு மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். வரைபடத்தில் மேடு இருந்தால் ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது, அதிகம் செலுத்தச் செலுத்த அதே அளவு அடிபட்டுப் போகும். ஆம்ப்ளிஃபையருக்கும் வூஃபருக்கும்தான் சுமை. ஆகையால் இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், பள்ளம் குறைவான இடத்தை எடுங்கள், மேடு இருந்தாலும் பரவாயில்லை.

சப்வூஃபர் இருந்தால்

சப்வூஃபரை (மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான தனிப் பெட்டி) தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரைமட்டத்தில் காதை வைத்துத் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் ஸ்வரங்கள் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வைத்தால், நாற்காலியில் அதே சமநிலை கிடைக்கும். மூலம், கேட்கும் இடம் இரண்டையும் மாற்றிக்கொண்டாலும் அறையின் விளைவு மாறுவதில்லை. பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர், மேலே ஸ்பீக்கர் என்று பிரித்து, ஃபேஸ் சுவிட்சை (அதன் ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, அந்த 80ஐ ஒட்டிய ஒலி எந்த நிலையில் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியின் முன்மூலைகள் இரண்டிலிருந்தும் இரண்டு சுவர்களுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டர் வரை அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். அறையைப் பெருக்கித் துடைக்க ஸ்பீக்கரை நகர்த்தினாலும் கோணம் உட்பட அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.